பாலூட்டும் தாயின் உணவும் பச்சிளங் குழந்தையின் அழுகையும்

சென்ற நோன்பு மாதத்திற்குச் சில தினங்கள் முன்பு, புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் நமக்குப் பழக்கமான சாமான் கடையொன்றில் நாம் உட்கார்ந்திருந்தோம். மஃரிபு முடிந்து விளக்கு ஏற்றியாகிவிட்டது. செம்பனைத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய வாலிபர் ஒருவர், "நானா, பிள்ளை ராவெல்லாம் அழுவுது. கிரைப் வாட்டர் ஒண்ணு குடுங்க. அப்படியே ஒரு பால் டின்னும்..." என்று இழுத்தார். பிள்ளைக்கு எத்தனை நாள் என்று கடைக்காரர் கேட்டார். இருபது நாளாம். தாய்ப்பால் கொடுக்கவில்லையா என்றதற்கு, "கொடுக்குது நானா. ஆனா, அவ பருப்பு தின்னுட்டாளாம். பால்ல வாயு ஏறிப் போச்சுன்னு அம்மா சொல்றாங்க" என்றார்.

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே தஞ்சோங் காராங், சபா பெர்ணாம் ஆகிய இடங்களில் கடை வைத்திருக்கும் நம்மவருக்கு இந்தப் பேச்சு புதியதன்று. கிளினிக் மாலையில் மூடிவிடும். கடையோ இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். ஆகவே மருத்துவத்தாதியிடம் கேட்க வேண்டிய கேள்வி பல வேளைகளில் நம்மிடந்தான் வந்து சேர்கிறது. நாம் வைத்தியர்களல்லர். ஆயினும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது நம் கையாக இருப்பதால், தாய் உண்பது பிள்ளையை எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பதைச் சற்று விவரமாகவே அறிந்து வைப்பது நம் கடமை.

முதலில் வாயுவைப் பற்றிப் பேசுவோம். தாய்ப்பால் தாயின் வயிற்றிலிருந்து வருவதன்று. அது அவள் இரத்தத்திலிருந்து மார்பிலுள்ள சுரப்பிகளில் உண்டாவது. பருப்பு, கடலை, முட்டைக்கோஸ் முதலியவற்றில் செரிக்காமல் எஞ்சும் நார்ப்பொருளைப் பெருங்குடலிலுள்ள கிருமிகள் புளிக்கச் செய்வதனால் வாயு உண்டாகிறது. அந்த நார்ப்பொருள் இரத்தத்தில் கலப்பதேயில்லை. குடலில் எழுந்த வாயு குமிழியாக மார்புக்கு ஏறிப் பிள்ளையின் வயிற்றை உப்பச் செய்ய வழியும் இல்லை. மிளகாய்க் காரமும் அத்தன்மையதே. போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயைக் கொண்டு வந்ததிலிருந்து நம் தாய்மார்கள் அதை உண்டே பாலூட்டி வந்திருக்கிறார்கள். அளவான காரம் பிள்ளையின் வயிற்றை எரிக்கும் என்பதற்குச் சான்று கிடையாது.

வியாபாரியாகிய நமக்கு இதில் இன்னொரு அத்தாட்சியும் உண்டு. நம் கடைக்கு மூன்று இனத்தாரும் வருகிறார்கள். மலாய்க்காரர் 44 நாள் 'பந்தாங்' காப்பார்கள். வெள்ளரிக்காய், பூசணி போன்ற 'குளிர்ச்சி'யை விலக்கி, மிளகும் இஞ்சியும் சுட்ட மீனுமாகக் கழிப்பார்கள். சீனர் ஒரு மாதம். இஞ்சியும் எள்ளெண்ணெயும் அவர்களுக்குப் பிரதானம். நம் தமிழ் வீடுகளில் 40 நாள்; பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, பிரசவ லேகியம் உண்டு; பலாவும் மாங்காயும் கத்தரிக்காயும் கூடாது. ஒரு வீட்டில் விலக்கியது அடுத்த வீட்டில் விருந்தாகிறது. அந்தப் பொருள்கள் உண்மையிலேயே பிள்ளையை அழச் செய்பவையாயின் ஏதாவது ஓரினத்தார் வீட்டில் மட்டும் பிள்ளைகள் ஓயாது அழ வேண்டும். அப்படியிருப்பதாக எந்தக் கடைக்காரரும் சொல்லக் கேட்டோமில்லை. மூன்று வீட்டுப் பிள்ளையும் அழத்தான் செய்கிறது.

எவ்வளவு அழுகை இயல்பானது? நல்ல சுகமுள்ள பிள்ளையே இரண்டாவது வாரத்திலிருந்து அதிகமாக அழத் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்தையடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாக அடங்குகிறது. அந்தி சாயும் நேரத்தில்தான் அழுகை அதிகம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் 'கோலிக்' என்று கூறலாமென அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸலும் அவரது கூட்டத்தாரும் 1954-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். அந்தக் கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆறாவது வாரத்தில் உச்சம் என்பதைக் கவனியுங்கள். தாய் பத்தியத்தை முடித்துக்கொண்டு எல்லாரையும் போல உண்ணத் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். "நாற்பது கழிந்து கண்டதைத் தின்றாள், பிள்ளை அழுகிறது" என்று மாமியார் முடிவு கட்டிவிடுவதற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

அப்படியானால் தாய் உண்ணும் எதுவுமே பாலில் சேராதா என்றால், சேரும். பூண்டின் வாசனை சேருகிறது. பிலடெல்பியா நகரில் மென்னெல்லா என்னும் அம்மையார் 1991-இல் வெளியிட்ட சோதனையில், தாய்மார்களுக்குப் பூண்டுச் சத்து கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் வாசனை மிகுந்தது. பிள்ளைகள் முகஞ்சுளிக்கவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பிலேயே இருந்தன! நம் பாட்டிமார்களின் பூண்டுக் குழம்புக்கு இப்படி ஒரு சாட்சி கடல் கடந்து கிடைத்திருக்கிறது.

கோப்பியின் சங்கதி வேறு. அதிலுள்ள காப்பீன் என்னும் பொருள் சிறிதளவு பாலில் இறங்குகிறது. பெரியவர் உடம்பில் அதில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பிறந்த பிள்ளைக்கோ மூன்று நான்கு நாட்கள் ஆகும். ஆகவே தாய் தினமும் ஐந்தாறு கோப்பை கோப்பியும் கட்டைத் தேயிலையும் குடித்தால் பிள்ளையின் உடம்பில் அது நாளுக்கு நாள் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டால் பயமில்லை.

பசுவின் பால் மூன்றாவது. தாய் குடித்த பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் அவள் பாலிலும் காணப்படும். சுவீடன் நாட்டில் யாகப்சன், லிண்ட்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் 1978-இல் கோலிக் உள்ள பிள்ளைகளின் தாய்மாரைப் பசும்பால் உண்ணாதிருக்கச் செய்து, பலருக்கு அழுகை தணிந்ததைக் கண்டார்கள். பின்னர் நடந்த சோதனைகளில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சில பிள்ளைகளுக்கு மாத்திரம் இது பொருந்தும். மலத்தில் சளியோ இரத்தமோ, தோலில் கரப்பானோ கூட இருந்தால் சந்தேகிக்கலாம். அப்போதும் தாதியிடம் கேட்டு, இரண்டு வாரம் பாலை விட்டுப் பார்த்து, மீண்டும் குடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாலை விட்டேன் என்று சொல்லிக்கொண்டு தே தாரிக்கும் ஹார்லிக்ஸும் குடித்தால் விட்டதாகாது. இரண்டிலும் பால் உண்டு. இதையும் விசாரிக்கும் தகப்பனுக்கு நாமே சொல்லலாம்.

இதுவரை சொன்னவை தாய் உண்டதனால் வரும் சங்கடங்கள். தாய் உண்ணாததனால் வருவதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. உயிருக்கு ஆபத்து அதில்தான் இருக்கிறது. அதைக் கண்டறிந்த வரலாற்றில் நம் மலாயாவுக்கும், நம் முன்னோர் விற்ற புழுங்கலரிசிக்கும் பெரிய பங்கு உண்டு.

நூறாண்டுகளுக்கு முன் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் 'பெரிபெரி' என்னும் நோயால் கூட்டங் கூட்டமாக மாண்டார்கள். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும். அடுத்த லயத்திலிருந்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அதிகம் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன், சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்பது புழுங்கலரிசி என்ற வேறுபாட்டைக் கவனித்து 1907-இல் நூலே எழுதினார். அதற்குச் சற்று முன்பு, 1905-06-இல், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் சாகவில்லை. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் சுமார் 300 ஜாவானியச் சாலைத் தொழிலாளரைக் கொண்டு அதையே மறுமுறையும் நிரூபித்தார்கள்.

காரணம் மிக எளியது. நெல்லின் தவிட்டில் 'தயமின்' என்னும் பி1 உயிர்ச்சத்து இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. மிச்சத்தை நாம் நாலைந்து தண்ணீரில் கழுவியும் கஞ்சியை வடித்துக் கொட்டியும் தீர்த்துவிடுகிறோம்.

இதற்கும் பச்சைப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தாயின் உணவு குறைந்தாலும் பாலிலுள்ள சர்க்கரை, புரதம், சுண்ணாம்புச் சத்து முதலியவை அவ்வளவாகக் குறைவதில்லை. அவள் உடம்பு தன்னை உருக்கியேனும் கொடுத்துவிடும். ஆனால் தயமின் அப்படியன்று. தாய் உண்டால்தான் பாலில் உண்டு. அவள் வெளிப்பார்வைக்கு நலமாயிருக்கும்போதே, அவள் பாலை மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதத்துக்குள் பெரிபெரி வந்துவிடும். முதலில் காரணமின்றி ஓயாத அழுகை. பிறகு பால் குடிக்க மறுப்பு, வாந்தி. அதன் பிறகு குரல் கம்மும்; பிள்ளை வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. மூச்சிரைத்து, ஓரிரு நாளில் இறந்துவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டில் எண்ணற்ற பிள்ளைகள் இவ்வாறு மடிந்தன. அங்கே தவிட்டைச் சாறாக்கிக் கொடுத்ததும், சாகக் கிடந்த பிள்ளைகள் பிழைத்தெழுந்தன. மணிலாவில் அந்தச் சாற்றைத் தயாரித்தவர்களில் ஒருவராகிய ராபர்ட் வில்லியம்ஸ், அதிலுள்ள பொருள் இன்னதென்று இருபத்தைந்து ஆண்டு தேடி, 1936-இல் தயமினைச் செயற்கையாகவே செய்து முடித்தார். இன்றைக்கு அந்த ஊசி போட்டால் சில மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிடுகிறது.

பழைய கதைதானே என்று தள்ள வேண்டாம். தாய்லாந்து எல்லையிலுள்ள பர்மிய அகதி முகாம்களிலும், லாவோஸ், கம்போடியா நாடுகளிலும், இந்தியாவின் காஷ்மீரிலும் அண்மைக் காலத்தில் மருத்துவர்கள் இந்நோயைக் கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் தாய்மார்கள் தீட்டிய அரிசியை உண்பவர்கள். பிரசவத்திற்குப் பின் பத்தியமென்று பல உணவுகளை விலக்குபவர்கள். தேயிலையும் வெற்றிலை பாக்கும் உள்ள சத்தையும் கெடுப்பன. நம் சிலாங்கூரில் இன்று பலவகை உணவு கிடைப்பதால் இந்நோய் கண்ணில் படுவதில்லை. என்றாலும், இக்காலத் தோட்ட வீடுகளிலும் வெள்ளைப் பச்சரிசியே அதிகம் புழங்குகிறது. அதோடு மிளகு ரசமும் ஒரு துண்டுக் கருவாடும் மாத்திரம் நாற்பது நாள் என்றால் அது நல்லதற்கன்று.

இப்போது அந்த வாலிபரின் பேச்சைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். வாயு என்று பாட்டி விலக்கிய பொருள்கள் எவை? பருப்பு, பயறு, கடலை. பிள்ளைக்கு வேண்டிய தயமின் நிறைந்திருப்பவை எவை? அதே பருப்பும் பயறும் கடலையுந்தான்! பாலுக்குப் போகாத வாயுவுக்கு அஞ்சி, பாலுக்குப் போகும் சத்தை நிறுத்திவிடுகிறோம்.

பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு சிறிய வேளைச் சாப்பாடு அதிகம் தேவை; தாகத்துக்குத் தண்ணீரும் தடையின்றி வேண்டும். இது தகப்பன் பொறுப்பு. திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் இரண்டாண்டுப் பாலூட்டலைச் சொல்லும் இடத்திலேயே, அத்தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தகப்பன்மீது கடமை என்றும் சொல்லிவிடுகிறது. பிள்ளைக்காக அஞ்சும் தாய்க்கு நோன்பிலும் சலுகை உண்டு. நம் வீட்டுப் பெண்களில் சிலர் அதை ஏற்க வெட்கப்படுவதும், வீட்டார் பேசாதிருப்பதும் நாம் காணாததன்று.

இனி அந்தப் பால் டின். 1936-இல் மலாயாவுக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், சிங்கப்பூரில் தாய்மார்கள் தம் பாலை விட்டுச் சர்க்கரை சேர்த்த டின் பாலைக் கரைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுப்பதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வியாபாரப் பிரமுகர்கள் நிறைந்த சபையில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிட்டே பேசினார். அவர் பிற்காலத்தில் சாங்கி சிறையில் ஜப்பானியரின் கைதியாக இருந்தபோது, அங்கே பிறந்த 20 பிள்ளைகளும் தாய்ப்பாலே குடித்து, 20 பேரும் பிழைத்தார்கள் என்று சொல்வார். அரைவயிறு உண்ட தாயின் பாலுக்கும் அவ்வளவு வலிமை உண்டு. மலேசியாவில் பால் மாவு விளம்பரத்துக்கு ஒழுங்கு விதி 1979-இலும், உலக சுகாதார நிறுவனத்தின் விதி 1981-இலும் வந்தன.

சர்க்கரை சேர்த்த டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இப்போது 'கிரீமர்' என்று வருவதிலோ பாலுக்குப் பதில் செம்பனை எண்ணெயும் கலந்திருக்கிறது. இவை கோப்பிக்கு உரியவை, பிள்ளைக்கு அல்ல. குழந்தைக்கென்றே செய்த மாவு சில பிள்ளைகளுக்கு அவசியந்தான். தாயில்லாப் பிள்ளை உண்டு, தாய் கடும் நோயிலிருக்கலாம். அதைத் தாதி சொல்லட்டும். பால் போதவில்லையென்று ஒரு புட்டி மாவுப்பால் கொடுத்தால் பிள்ளை அந்த வேளை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாத மார்பில் பால் குறையும். அடுத்த வாரம் இரண்டு டின் வேண்டியிருக்கும். கல்லாவுக்கு இது இலாபம். நாட்கூலியில் குடும்பம் நடத்தும் தோட்டத்துத் தகப்பனுக்கு அது என்னவென்று நமக்குத் தெரியாததா? பால் போதுமா என்று அறிவதற்கு அழுகை அளவுகோல் அல்ல. முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு ஆறு துணியாவது நனைந்து, இரண்டாவது வாரத்துக்குள் பிறந்த எடை மீண்டும் வந்து, மேலும் ஏறுமானால் பால் போதும்.

கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வுட்வர்டு என்பவர் செய்தது. அதில் சாராயம் கலந்திருந்தது. பிரிட்டனில் 1992-இல்தான் நீக்கப்பட்டது. இன்றும் எந்தக் கம்பெனியின் பாட்டிலாயினும் சேர்மானத்தைப் படித்த பிறகே நாம் அலமாரியில் வைக்க வேண்டும். ஆறு மாதம்வரை பிள்ளைக்குப் பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வசம்பு உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். அமெரிக்காவில் 1968-இலேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். சேனை வைக்கும்போது தேன் தொட்டு வைப்பதும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து உடலை முடக்கிவிடும்.

நம் அலமாரியிலுள்ள இன்னும் இரண்டு சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி6பிடி' குறைபாடு உண்டா என்று பார்ப்பது வழக்கம். அக்குறை உள்ள பிள்ளையின் தாய், வறுத்துப் பொட்டலமாக வரும் ஃபாவா என்னும் அகன்ற அவரையைத் தின்னலாகாது. துணிக்கிடையே வைக்கும் பூச்சி உருண்டையும் அவ்வீட்டில் கூடாது. பிள்ளையின் இரத்தம் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும்.

எந்தப் பிள்ளையைக் காலைவரை வைத்திருக்கக் கூடாது என்பதையும் கடைப் பையன்கள் உட்பட யாவரும் தெரிந்திருக்க வேண்டும். பால் குடிக்க மறுக்கும் பிள்ளை, குரல் கம்மி அல்லது சத்தமின்றி அழும் பிள்ளை, மூச்சிரைக்கும் பிள்ளை, காய்ச்சலுள்ள பிள்ளை, பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளை, உடல் மஞ்சளித்த பிள்ளை, துவண்டு கிடக்கும் பிள்ளை, துணி நனையாத பிள்ளை, மலத்தில் இரத்தம் போகும் பிள்ளை எதுவானாலும் அன்றிரவே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். வண்டியில்லாவிட்டால் நம் வண்டியைக் கொடுக்கலாம்.

அந்த வாலிபரின் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுமில்லை. துணியும் நன்றாக நனைகிறது, முந்தின வாரம் கிளினிக்கில் எடையும் ஏறியிருந்ததாம். கடைக்காரர், "தம்பி, டின் இருக்கட்டும். முதல்ல உங்க வீட்டுக்காரம்மாவுக்குச் சோறு போடுங்க" என்று சொல்லி, ஒரு கிலோ பருப்பும் பூண்டும் புழுங்கலரிசியும் கட்டிக் கொடுத்தார். வாலிபர் டின்னை விட்டுவிட்டார். கிரைப் வாட்டரை மட்டும் விடவில்லை. வெறுங்கையோடு போனால் அம்மா கேட்பார்களாம்.